க்யூவில் கைமாறிய பிரஷர் மாத்திரை

மெடிக்கல் ஷாப் வேலை என்றால் மருந்து எடுத்துக் கொடுப்பது என்று நினைத்துத்தான் டி.பார்ம் சேர்ந்தேன், வந்து பார்த்தால் பாதி நாள் 'கொடுக்க மாட்டேன்' என்று சண்டை போடுகிற வேலையாக இருக்கிறது. திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். கடையில் ஸ்டூல் ஒன்று உண்டு, அதில் முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். எனக்குச் சொந்த ஊர் கொருக்குப்பேட்டை. கோபம் வந்தால் எங்கள் ஊர் ரயில்வே கேட் மாதிரி, சாத்தினால் லேசில் திறக்காது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்களே, மருந்துச் சீட்டைத் தொலைத்துவிட்டு கவுண்டருக்கு முன்னால் நின்று திட்டு வாங்கினவர்களே, நாம் எல்லோரும் ஒரே அவஸ்தையில் கிடக்கிறவர்கள்தான். கொஞ்சம் காது கொடுங்கள்.

வெள்ளையா, ரவுண்டா

எங்கள் கடையில் அதிகம் போவது பிரஷர் மாத்திரை. அதை யாரும் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். வெள்ளையா இருக்கும், ரவுண்டா இருக்கும், நடுவில் ஒரு கோடு இருக்கும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் என் அலமாரியில் பாதி மாத்திரை வெள்ளையாக, ரவுண்டாக, நடுவில் கோட்டோடுதான் இருக்கிறது. பிரஷருக்கும் அதுதான், சுகருக்கும் அதுதான், பூச்சி மாத்திரையும் அதே ஜாடைதான். சீட்டைக் கொண்டாங்க, இல்லை பழைய அட்டையைக் கொண்டாங்க என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் கூட்ஸ் யார்டில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் வந்தார். கலர் சொன்னார், சைஸ் சொன்னார், போன மாசம் நான் கட்டியிருந்த புடவையைக்கூடச் சொன்னார். மாத்திரைப் பேர் மட்டும் வரவில்லை. பேர் தெரியாமல் தர முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"பேரு தெரிஞ்சா நான் இன்னாத்துக்கும்மா உன்னாண்ட வரேன்? எனக்கு தெரியாதுன்னுதானே நீ படிச்சிட்டு வந்து நின்னுகினு கீற."

கல்லைத் தின்றாலும் செரிக்கும்

லூர்து அண்ணன் ராயபுரத்துக்காரர், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது, ஆள் கம்பீரமாக இருப்பார். அவருக்கு பிரஷர் என்று பக்கத்து கிளினிக் டாக்டரம்மா முதல்முதலாக மாத்திரை எழுதிக் கொடுத்து, மனைவி பிலோமினா அக்காவோடு சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். புது மாத்திரை என்றால் நான் ஒரு கேள்வி கேட்பேன். ஏதாவது மருந்து முன்னே ஒத்துக்காமல் போயிருக்கா? அண்ணன் சிரித்தார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு என்றார். டாக்டரம்மாவிடமும் இதையே சொல்லியிருக்கிறார்.

பக்கத்தில் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ரேஷன் கார்டு கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பிரித்து வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ காய்ச்சலுக்கு சல்பா என்கிற கிருமிக்கொல்லி வகையில் ஒரு மாத்திரை போட்டு, உதடு வாயெல்லாம் கொப்புளம் போட்டு, முதுகுத் தோல் உரிந்து, பத்து நாள் படுக்கையில் கிடந்திருக்கிறார் மனுஷன். 'சல்பா மருந்து இனி கொடுக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. நான் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் பிரஷர் மருந்தோடு, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குகிற மருந்தும் சேர்ந்த மாத்திரை இருந்தது. நாங்கள் தண்ணி மாத்திரை என்போம். அதில் பல ரகம் சல்பாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். கிருமிக்கொல்லி சல்பா மாத்திரை ஒத்துக்காதவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தண்ணி மாத்திரை ஒன்றும் செய்வதில்லை, ஆனால் இவருக்கு வந்தது தோல் உரிகிற ரகம், அதை வைத்துக்கொண்டு இவர் உடம்பில் சோதனை பார்க்க வேண்டாம் என்று சொல்லி, அந்தச் சொந்தபந்தமே இல்லாத வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டார். பிரஷருக்கு மாத்திரைக்கா பஞ்சம். அண்ணனுக்கு வெட்கம், அதெல்லாம் மறந்தே போச்சு என்று முணுமுணுத்தார். அக்கா காகிதத்தை மறுபடி எட்டாக மடித்தாள்.

"ஆம்பளையாண்ட கேட்டா அப்டித்தான் சொல்லும் தங்கச்சி. பத்து நாளு கஞ்சிய ஸ்பூன்ல ஊட்டுனவளாண்ட கேளு."

கந்தகத்தில் புரண்டவர்

இந்த பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். 'சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருந்து வாங்கும் முன் சொல்லவும்' என்று எழுதி கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. சல்பா என்றால் சல்பர், அதாவது கந்தகம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முட்டை தின்றால் வாயு பிடிக்கிறதே, அது சல்பாவா என்று ஒருத்தி. எண்ணூர் ஃபாக்டரிக் காத்து மூக்கை எரிக்கிறதே, அது சல்பாவா என்று இன்னொருத்தர். அண்ணாச்சி ஸ்டூலில் இருந்தபடியே, போர்டை எடுத்துட்டு வேலையப் பாரும்மா என்றார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர் ஒருத்தர் வந்து, இருபது வருஷம் மஞ்சள் கந்தகக் குவியலில் புரண்டவன் நான், எனக்கு எந்த அலர்ஜியும் கிடையாது என்று நெஞ்சைத் தட்டினார். ஐயா, அந்தக் கந்தகம் வேறே, இந்த மருந்து வேறே, கந்தகம் வெங்காயத்திலும்தான் இருக்கிறது, சல்பா மருந்து ஆகாதவர்கள் வெங்காயத்துக்கு பயப்பட வேண்டாம், வெங்காயம் தின்கிறவர்கள் சல்பா ஒத்துக்கும் என்று துள்ளவும் வேண்டாம் என்று தொண்டை வறளப் பாடம் எடுத்தேன். கடைசி வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப வெங்காயம் துன்லாம். இத்த சொல்றதுக்கா நைனா இவ்ளோ பெரிய போர்டு?" என்று அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்.

லீவு நாள் மாத்திரை

லூர்து அண்ணனுக்கு செல்வம் என்று ஒரு தோஸ்து. இவரும் டிரெய்லர்தான், இவருக்கும் பிரஷர்தான். முதலில் சாதா பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதில் இறங்கவில்லை என்று டாக்டரம்மா தண்ணி மாத்திரை கலந்ததாக மாற்றினார். இவருக்கு சல்பா தொந்தரவு எதுவும் கிடையாது, தாராளமாகப் போடலாம். ஆனால் போட மாட்டார். வாரத்துக்கு நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கிப் போவார், அதுவும் மிச்சமாகும். பழைய மாத்திரையும் கொஞ்சம் வண்டியில் கிடக்கும்.

ஏன் என்று சண்டைக்குப் போனேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக கேட்டுக்கு டிரெய்லர் க்யூ நிற்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, அரை நாள்கூட ஆகும். நகர்கிற நேரத்தில் ஆள் ஸ்டியரிங்கில் இல்லாவிட்டால் பின்னால் நிற்கிறவன் ஏழு தலைமுறையையும் இழுப்பான். அந்த இடத்தில் மணிக்கொரு தடவை இறங்கி ஓட வைக்கிற மாத்திரையை எப்படிப் போடுவது? அதனால் லோடு இல்லாத நாளில் மட்டும் போடுகிறாராம். பிரஷருக்கு லீவு நாள் தெரியுமா, இதை டாக்டரம்மாவிடம் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவார், மருந்தையே மாற்றித் தருவார், நீங்களே முடிவு பண்ணாதீங்க என்றேன். சரி சரி என்று நாலு மாத்திரையை வெட்டி வாங்கிக்கொண்டார்.

"டாக்டரு ஃபேனுக்கு கீழ குந்திகினு எழுதிடறாங்கோ. ஒரு நாளு என் வண்டில ஏறி, க்யூல நின்னுகினு அந்த மாத்திரைய போட சொல்லு பாக்கலாம்."

எல்லாம் ஒண்ணுதானே

க்யூவில் டிரைவர்களுக்குள் இது என்னுது, அது உன்னுது கிடையாது. ஒருத்தர் கொண்டுவந்த புளிசாதம் நாலு பேருக்கு. தண்ணி கேன், போன் சார்ஜர், தலைவலித் தைலம் எல்லாம் வண்டிக்கு வண்டி கைமாறும். அழகான பழக்கம்தான். மாத்திரையும் கைமாறும் என்று எனக்குத்தான் தோன்றாமல் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். பிலோமினா அக்கா கடைக்கு வந்தாள். அண்ணன் மாத்திரை அட்டையை டிவி மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு நாள் விட்டால் பரவாயில்லையா என்று கேட்க வந்திருக்கிறாள். அவரிடமே கேட்டுவிடுவோம் என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அண்ணன் உற்சாகமாக எடுத்தார். மாத்திரையெல்லாம் விடவில்லையாம், காலையிலிருந்து தலை கனமாக இருந்ததாம், பின்வண்டி செல்வம் தன் பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்து, போடு மாமு என்றாராம், போட்டு ஒரு மணி நேரம் ஆகிறதாம். அக்கா சட்டென்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். எந்த மாத்திரை அண்ணே, பழசா புதுசா என்று கேட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் ரவுண்டு, செல்வத்துக்கே தெரியவில்லை. அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்க, உடனே என்று கத்தினேன்.

"நீ ஏம்மா பேஜாராவுற? வெளி மாத்திரை இல்ல, நம்ம கடைல வாங்குனதுதான்."

பேர் இல்லாத துண்டு

போட்டோ வந்தது. உள்ளங்கையில் ஒரு அட்டைத் துண்டு. இரண்டு மாத்திரை பாக்கி இருக்கிறது. பேர் இல்லை, தேதி இல்லை, மருந்தின் விவரம் இல்லை, வெறும் வெள்ளிக் காகிதம். ஓரத்தில் கோணலாக ஒரு வெட்டு. அந்தக் கோணலை எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக நான் கத்தரிக்கோல் பிடிக்கிற கோணல் அது.

எங்கள் தொழிலில் இதை வெளியே சொல்ல மாட்டோம், இன்று சொல்லிவிடுகிறேன். முழு அட்டையில் மாத்திரைப் பேரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். நாலு மாத்திரை கேட்டால் பேர் இல்லாத பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு, பேர் இருக்கிற பக்கத்தைக் கடையில் வைத்துக்கொள்வோம். அப்போதுதான் மிச்சத்தை அடுத்த ஆளுக்கு விற்க முடியும். துண்டைப் போட்டுக் கொடுக்கிற கவரிலாவது பேரை எழுத வேண்டும். கூட்டத்தில் யார் எழுதுவது? நான் எழுதவில்லை. பெரியவர் ஒருத்தரிடம் பேர் தெரியாமல் தர முடியாது என்று வீறாப்பாக நின்றேனே, பேரை வெட்டி எடுத்துக்கொண்டு வெறும் மாத்திரையைக் கொடுத்தனுப்பியது நான்தான். போனையும் என் முகத்தையும் அக்கா மாறி மாறிப் பார்த்தாள். படித்தவள் என்று நம்பி வந்து நிற்கிறவளிடம் தெரியலைக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இன்னா மாத்திரை தங்கச்சி அது, சொல்லேன்."

அண்ணாச்சியின் டப்பா

ஸ்டூலை விட்டு எழுந்து நான் பார்த்திராத அண்ணாச்சி, எழுந்தார். வெட்டின மிச்ச அட்டைகளைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அப்படியே கவுண்டரில் கவிழ்த்தார். மூன்று பேரும் துழாவினோம். செல்வத்தின் பழைய மாத்திரையில் ஒரு துண்டு கிடைத்தது, அது அண்ணாச்சி உட்கார்ந்தபடியே வெட்டியது, வெட்டு நேராக இருந்தது. புது மாத்திரையில் ஒரு துண்டு கிடைத்தது. போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோணலோடு கோணல் அச்சாகப் பொருந்தியது. தண்ணி மாத்திரைதான்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். உடனே ஆளை வரச்சொல், அவர் வண்டி ஓட்டி வரக்கூடாது, உதடு நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ இங்கே வரவேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றார். ஆனால் க்யூவில் நிற்கிற டிரெய்லரை விட்டுவிட்டு எப்படி வருவது? அங்கேதான் அந்தக் கைமாறுகிற பழக்கம் நல்லது செய்தது. செல்வம் தன் வண்டியை பின்னால் நின்ற வண்டியின் மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டார். இன்னொரு வண்டியின் கிளீனர் யாருடைய பைக்கையோ வாங்கி அண்ணனை ஏற்றிக்கொண்டு பறந்துவந்தார். கிளினிக்கில் சாயங்காலம் வரை கண் எதிரிலேயே வைத்திருந்தார்கள். உதடு வீங்கவில்லை, தடிக்கவில்லை, மூச்சு சீராக இருந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது. கடைக்குத் திரும்பி, கவுண்டரில் சிதறிக்கிடந்த அட்டைகளை அண்ணாச்சியும் நானும் பொறுக்கினோம்.

"எம்மா, இனிமே மாத்திரைய வெட்டுனா பேர எழுதாம வெளிய விடாத. அப்புறம் அந்த பிரஷர் மிஷின எடு, எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி அடிச்சுகிட்டு கெடக்கு."

வாயைக் காட்டு

விஷயம் அன்றோடு முடியவில்லை. இந்த மாதிரி தோல் தொந்தரவு சில நாள் கழித்தும் தலைகாட்டலாம், இரண்டு வாரம் உஷாராகப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் தினமும் எனக்கு வாயைக் காட்ட வேண்டும் என்று அண்ணனுக்கு உத்தரவு போட்டேன். ஊரில் இருந்தால் கடையில், க்யூவில் இருந்தால் வீடியோ காலில். செல்வம் டார்ச் அடிப்பார், அண்ணன் ஆவென்று திறப்பார், சுற்றி நாலு டிரைவர்கள் எட்டிப்பார்த்து, நல்லாத்தான் கீது, கடைவாய்ப் பல்தான் சொத்தை என்று தீர்ப்பு சொல்வார்கள். செல்வமும் ஒருவழியாக டாக்டரம்மாவிடம் க்யூ கதையைச் சொல்லி, மாத்திரையை மாற்றி வாங்கிக்கொண்டார்.

நடுவில் ஒருநாள் மனது கேட்காமல் பிலோமினா அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பேரை வெட்டினது நான்தான், மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவளுக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. இனிமேல் வெட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் மாத்திரையை முழு அட்டையாக வாங்கிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பதினைந்தாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார், கையைத் திருப்பிக் காட்டினார். ஒரு பொட்டு இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, அண்ணாச்சிகூட ஸ்டூலில் இருந்து எட்டிப் பார்த்தார். அப்போது அண்ணன் மெதுவாக, ஒண்ணும் ஆகலையே தங்கச்சி, அப்ப இனிமே அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கும்தானே, அவசரத்துக்கு செல்வத்தாண்ட ஒண்ணு வாங்கிக்கலாமே என்று ஆரம்பித்தார். எனக்கு கேட் சாத்திக்கொண்டது. தூரத்துச் சொந்தம், அடுத்த தடவை, டாக்டர் கண்காணிப்பு என்று நீளமாக ஒரு பிரசங்கம் தொண்டை வரை வந்தது. அதற்குள் பிலோமினா அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"ரெட் சிக்னல்ல ஒரு தபா பூந்து உசுரோட வந்துட்டா, அப்பால அது இன்னா பச்சையா மாறிடுமா?"

அவள் படித்தது எட்டாவது, நான் படித்தது டி.பார்ம், இருந்தாலும் கவுண்டருக்கு உள்ளே நிற்பது நான்தான், என்ன செய்வது.